கீரை ஆய்வதிலிருந்து தொடங்குங்கள்

கோவையில் ஒரு முதியோர் இல்லத்தில் தினசரி நிகழ்ச்சிகளைப் பார்த்துக்கொள்கிறேன். சேர்ந்த புதிதில் வண்ணம் தீட்டும் புத்தகங்கள் வாங்கி வைத்தேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "இது எல்கேஜி பிள்ளைக்கும்மா" என்று என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். எனக்கு முகம் சுண்டிப் போயிற்று. அன்று மாலையே ஒரு நோட்டு வாங்கினேன்.

நோட்டில் ஆளுக்கு இரண்டு பக்கம். என்ன வேலை பார்த்தார்கள், எத்தனை மணிக்கு எழுந்து பழக்கம், எந்தச் சாமி, எந்தப் பேப்பர், எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும். இதே வேலைக்கு வருகிற நீங்களும் முதலில் இப்படி ஒரு நோட்டுப் போடுங்கள். எல்லோரையும் பாட்டி, தாத்தா என்று கூப்பிட வேண்டாம். வேலைக்காலம் முழுக்க "டீச்சர்" என்று கேட்டவருக்கு அதுதான் பேர்.

அடுத்தது நேரம். எங்கள் எட்டரை மணி உடற்பயிற்சிக்கு ஆளே வராது. விருப்பமில்லை என்று நினைத்துவிட்டேன். நர்ஸ் சொல்லித்தான் புரிந்தது: கால் வீக்கத்துக்கோ பிரஷருக்கோ நீர் பிரியும் மாத்திரை போடுகிறவர்கள், காலையில் பாத்ரூமை விட்டு நகரவே பயப்படுவார்கள். பத்தரைக்கு மாற்றினோம். பாத்ரூமுக்குப் பக்கத்துக் கூடம், கைப்பிடி வைத்த நாற்காலி, எட்டுப் பேருக்கு மேல் இல்லாத வட்டம். டிவியை அணைத்துவிடுங்கள், காது மெஷின் வைத்தவர்களுக்கு அந்தச் சத்தத்தில் பேச்சு பிரியாது.

எங்களிடம் நன்றாகப் போவது முருங்கைக்கீரை உருவுவது. சமையலறைக்கு உண்மையிலேயே கீரை வேண்டும். அதனால்தான் அவர்கள் உட்காருகிறார்கள். சும்மா கொடுக்கிற வேலையை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். மகள் பெயரே நினைவில் நிற்காத ஓர் அம்மா, பழுத்த இலையையும் காம்பையும் ஒதுக்கிக் கொண்டே என்னிடம், "துணியில கட்டி வச்சிருந்தா தானா உதிர்ந்திருக்குமே, யார் சொல்லிக் குடுத்தா உனக்கு?" என்று அதட்டினார். இப்போது முந்தின ராத்திரியே கட்டி வைக்கிறேன். ஆனாலும் பாதிக் கட்டைக் கட்டாமல் விடுகிறேன், உருவுவதற்கு இலை வேண்டுமல்லவா.

பல்லாங்குழி வைத்தால் குழிகளுக்கு உள்ளே வெள்ளை பெயின்ட் அடியுங்கள். கண் மங்கியவர்களுக்குப் புளியங்கொட்டை அப்போதுதான் தெரியும். விரல் மடங்காதவர்களுக்குப் பெரிய சோழி. கையில் கிடைத்ததை வாயில் போடுகிற அளவுக்கு மறதி உள்ளவர்களுக்கு இரண்டுமே வேண்டாம், துண்டு மடிக்கக் கொடுங்கள்.

துண்டு மடிப்பைச் சாயந்திரத்துக்கு வையுங்கள். மறதி நோய் உள்ள பலருக்கு இருட்டுகிற நேரத்தில்தான் மனம் அலையும், "வீட்டுக்குப் போகணும்" என்று கதவுப் பக்கம் நடப்பார்கள். ஐந்து மணிக்கே விளக்கெல்லாம் போட்டு, துவைத்த துண்டுகளை மேசையில் கொட்டிவிட்டு, நீங்களும் உட்கார்ந்து மடியுங்கள்.

எத்தனை பேர் வந்தார்கள் என்பதோடு நோட்டை மூடிவிடாதீர்கள். யார் பாதியில் எழுந்தார், யார் கடைசிவரை இருந்தார் என்றும் அன்றைக்கே எழுதுங்கள். அந்தத் தலைமையாசிரியர் பக்கத்தில் இப்போது ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது: காலை பேப்பரைச் சத்தமாகப் படித்தார், முக்கால் மணி நேரம்.