நாள் தள்ளிப்போனால்: கர்ப்பமா என்று கிட் வைத்துப் பார்ப்பதில் நேரும் தவறுகள்

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். கத்திரி வெயிலும் அந்த நாட்களில்தான். அப்போது நாள் தள்ளிப்போய், தலை சுற்றி, தினமும் கையாளும் கருவாட்டின் வாடையே குமட்டினாலும் 'வெயில் சூடு, பித்தம்' என்று எலுமிச்சைச் சாற்றைக் குடித்துவிட்டு வேலைக்குப் போகிற பெண்கள் பாம்பன் முதல் தொண்டி வரை நிறையப் பேர்.

கர்ப்பமா என்பதற்கு, உடம்பின் அறிகுறியை மட்டும் வைத்து 'ஆமாம்' என்றும் சொல்ல முடியாது, 'இல்லை' என்றும் சொல்ல முடியாது. மார்பு கனப்பதும் சோர்வும் மாதவிலக்குக்கு முன்பும் வரும். பாசி எடுக்கத் தீவுப் பக்கம் போகிறவர்கள் ஒதுங்க இடமில்லாமல் தண்ணீரைக் குறைத்துக் குடிக்கிறார்கள். அதனால் வரும் சிறுநீர்த் தொற்றிலும் அடிக்கடி போகத் தோன்றும். நம்ப வேண்டியது தேதியை. அதுவும் தலைக்குக் குளித்த நாளை அல்ல, இரத்தம் கண்ட முதல் நாளை. குளித்த நாளிலிருந்து எண்ணினால் நாலைந்து நாள் பிசகும். காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

அதிகம் நடக்கும் தவறு, அவசரப்பட்டுப் பார்ப்பது. கரு உருவானதுமே கிட்டில் தெரிந்துவிடாது. கருமுட்டை வெளிவந்து 6 முதல் 12 நாளுக்குள் கரு கருப்பைச் சுவரில் ஒட்டும். அதன் பிறகுதான் எச்சிஜி என்ற ஹார்மோன் சுரக்கத் தொடங்கி, ஏறக்குறைய 2, 3 நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். நாள் தள்ளுவதற்கு முன்பே பார்த்தால், கரு தங்கியிருந்தாலும் 'இல்லை' என்று காட்டும் ஒரு கோடுதான் விழக்கூடும். தள்ளிப்போன முதல் நாளில் பார்க்கலாம். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தால் முடிவு இன்னும் உறுதி. ஒரு கோடு வந்து, மாதவிலக்கும் வரவில்லை என்றால் 3 நாள் கழித்தும், பிறகு ஒரு வாரம் கழித்தும் மறுபடி பாருங்கள். ஒரே ஒரு 'இல்லை'யை நம்பி இரண்டு மாதம் சும்மா இருந்துவிடக் கூடாது.

மாதவிலக்கு 35, 40 நாளுக்கு ஒருமுறை வருகிறவர்களுக்கு 28 நாள் கணக்கு உதவாது. அவர்கள் கடைசியாகச் சேர்ந்த நாளிலிருந்து 21 நாள் எண்ணிவிட்டுப் பார்க்க வேண்டும். கணவர் வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்து திரும்பிய கீழக்கரை, பெரியபட்டினம் வீடுகளில் இந்தத் தேதி தெளிவாகவே தெரியும்.

கிட்டின் காலாவதித் தேதியைப் பார்த்துவிட்டு, காலை முதல் சிறுநீரைச் சோப்பும் உப்பும் படாத, உலர்ந்த சின்னக் கிண்ணத்தில் பிடியுங்கள். விடியுமுன் கடலுக்குப் போகிறவர்கள், 4 மணி நேரம் அடக்கிய சிறுநீரையும் பயன்படுத்தலாம். அதற்கு முன் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தால் ஹார்மோன் நீர்த்துப்போகும். உறையைக் கடைசி நிமிடத்தில்தான் கிழிக்க வேண்டும். நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தைப் பட்டை உறிஞ்சிக்கொண்டால் கோடு சரியாக ஏறாது. கூடவே இருக்கும் சொட்டுக்குழாயால் 2 அல்லது 3 சொட்டு, உறையில் எத்தனை என்று போட்டிருக்கிறதோ அத்தனை மட்டும் விட்டு, சமதளத்தில் வைத்து 5 நிமிடம் காத்திருங்கள். கிட் வேலை செய்கிறது என்று காட்டும் 'சி' கோடு வரவில்லை என்றால் கிட் கெட்டுவிட்டது, வேறு வாங்குங்கள். 'சி'யோடு, கர்ப்பத்தைக் காட்டும் 'டி' கோடும் வந்தால், அது மங்கலாக இருந்தாலும் கர்ப்பமாகவே எடுத்துக்கொண்டு இரண்டு நாளில் உறுதிசெய்யுங்கள். காலையில் ஒரு கோடு காட்டியதை மாலையில் குப்பையிலிருந்து எடுத்துப் பார்த்து, சாம்பல் நிறத்தில் இரண்டாவது கோடு தெரிகிறது என்று குழம்பாதீர்கள். அது ஈரம் காய்ந்த தடம். சிறுநீரில் உப்பு, சர்க்கரை, பற்பசை போட்டு நுரையைப் பார்க்கும் வீடியோக்களை ஒதுக்கிவிடுங்கள். அவற்றில் எதுவும் எச்சிஜியைக் கண்டுபிடிக்காது.

'கொஞ்சம் பட்டது, வந்துவிட்டது' என்று விட்டுவிடுவதும் தவறு. வழக்கத்துக்கு மாறாக ஒன்றிரண்டு நாள் மட்டும் இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ பட்டால் கிட் வைத்துப் பாருங்கள். அதை மாதவிலக்கு என்று எண்ணினால் பிரசவத் தேதியே ஒரு மாதம் தள்ளிக் கணக்காகிவிடும். பால் கொடுக்கும் தாய்க்கு, பிரசவத்துக்குப் பிறகு ஒருமுறைகூட மாதவிலக்கு வராமலே கரு தங்கலாம். ஏனென்றால் முட்டை முதலில் வரும், மாதவிலக்கு பிறகுதான்.

திருவிழாவுக்காகவோ நோன்புக்காகவோ நாளைத் தள்ளிப்போட மாத்திரை போடுகிறவர்கள் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். அது கருத்தடை மாத்திரை அல்ல. நிறுத்திய சில நாளில் மாதவிலக்கு வர வேண்டும். ஒரு வாரமாகியும் வரவில்லை என்றால் கிட்.

எள்ளும் கருப்பட்டியும் இடித்துத் தின்று 'வரவழைக்க'ப் பார்ப்பதில் நாட்கள்தான் வீணாகும். அந்த நாட்களுக்கு விலை உண்டு. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணினால் சுமார் 6 வாரத்தில் மூடிவிடும். அதைக் காக்கும் ஃபோலிக் அமில மாத்திரை அதற்கு முன்பே தொடங்கினால்தான் முழுப் பயன். இரண்டு கோடு விழுந்ததும் கிராம சுகாதார நர்சம்மாவிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொல்லி, 12 வாரத்துக்குள் பதிவு செய்து, கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண் வாங்குங்கள். வலிப்பு, இரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாமாக நிறுத்தாமல் அன்றே மருத்துவரைக் கேட்க வேண்டும்.

கர்ப்பம் வேண்டாம் என்று முடிவெடுத்தால், மெடிக்கல் ஷாப்பில் கலைப்பு மாத்திரையை வாங்கித் தானே போட்டுக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. 18 வயது நிறைந்த பெண்ணின் ஒப்புதல் ஒன்றே போதும், மருத்துவமனையில் சட்டப்படி செய்துகொள்ளலாம். இதிலும் சீக்கிரம் போவதே எளிது. ஸ்கேன் எடுக்காமல் கரு எங்கே இருக்கிறது என்று தெரியாது. கருக்குழாயில் தங்கிய கருவுக்கும் கிட் இரண்டு கோடுதான் காட்டும். அந்த மாத்திரை அதைக் கலைக்காது, குழாய் வெடிக்கலாம்.

அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம், இரத்தப்போக்கு: இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 50 கிலோமீட்டருக்கு மேல். உடனே 108-ஐ அழைத்து, வண்டியில் வருபவரிடம் நாள் தள்ளியிருப்பதையும் கிட்டில் பார்த்ததையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.