பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் முதல் தெம்புசு மரம் வரை: நண்பர்களுடன் சிங்கப்பூர் சென்றுவரும் முறை

வேலூரிலிருந்து நண்பர்களோடு முதன்முறையாக வெளிநாடு செல்ல நினைப்பவர்களுக்காக, நாங்கள் நால்வர் சிங்கப்பூர் சென்றுவந்த முறையை வரிசையாக எழுதுகிறேன். பாஸ்போர்ட் கையில் இருக்கிறது, அது இன்னும் ஆறு மாதத்துக்கு மேல் செல்லும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

முதல் வேலை, பெயர். டிக்கெட் எடுப்பதற்கு முன் அனைவருடைய பாஸ்போர்ட்டையும் ஒரே மேசையில் விரித்து வையுங்கள். அப்பா பெயரின் முதலெழுத்தை இனிஷியலாக வைத்துக்கொள்வது நம் வழக்கம் என்பதால், பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலியாகவே இருக்கும். டிக்கெட் தளமோ அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போகவிடாது. எங்களில் ஒருவர் அந்த இடத்தில் தம் அப்பாவின் பெயரைப் போட்டுவிட்டார். புகைப்படம் உள்ள பக்கத்தில் அந்தப் பெயர் இல்லை. பயணத்துக்கு ஆறு நாள் முன்பு, விசாத் தாளையும் டிக்கெட்டையும் அருகருகே வைத்துப் படித்தபோதுதான் இது கண்ணில் பட்டது. திருத்தக் கட்டணம் போக, மூன்று நாள் தொலைபேசியோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. ஒற்றைப் பெயரை எழுதும் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சிலர் அதே பெயரை இரண்டு கட்டங்களிலும் எழுதச் சொல்வார்கள். ஆகவே பணம் கட்டும் முன் விமான நிறுவனத்திடமே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். முகவரின் வாய்மொழி போதாது.

விசாவை அங்கீகாரம் பெற்ற முகவர் வழியாகப் பெற வேண்டும். அது கிடைத்த பின், சிங்கப்பூரில் இறங்கும் நாளோடு முடியும் மூன்று நாட்களுக்குள் வருகை அட்டையை (SG Arrival Card) இணையத்தில் நிரப்புங்கள். அரசுத் தளத்தில் இது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவும் அரசினுடையது அன்று. பெட்டியில் சூயிங்கமும் மெல்லும் புகையிலையும் இருக்கவே கூடாது.

சென்னை விமான நிலையத்துக்குக் காட்பாடியில் ரயிலேறி, சென்ட்ரலில் மெட்ரோவுக்கு மாறுவதையே நான் பரிந்துரைப்பேன். காரில் சென்றால் ஸ்ரீபெரும்புதூருக்குப் பிறகு நேரம் நம் கையில் இருக்காது.

சாப்பாட்டுக்கு உணவு அங்காடி வளாகங்களுக்கே செல்லுங்கள். மேசைமேல் ஒரு டிஷ்யூ பொட்டலம் இருந்தால் அந்த இடத்துக்கு ஆள் உண்டு என்று பொருள். உண்டபின் தட்டை நாமே எடுத்துச்சென்று வைக்க வேண்டும். இது அங்கே சட்டம். பல கடைகளில் ரொக்கமே எளிது என்பதால் சிறிய நோட்டுகளை வைத்திருங்கள். நால்வரும் நான்கு வெவ்வேறு உணவு வாங்கிப் பகிர்ந்துகொள்வதுதான் சரியான முறை. தேங்காய்ப்பாலும், மணத்துக்காகப் பாண்டான் இலையும் சேர்த்து வேகவைத்த சோறுதான் நாசி லெமாக். வறுத்த நெத்திலி, வேர்க்கடலை, முட்டையோடு வரும். ஆம்பூர் பிரியாணிக்குக் கத்தரிக்காய்த் தொக்கு எப்படியோ, அப்படி இதற்குச் சாம்பால் என்னும் மிளகாய் விழுது. சைவ நண்பர்கள் கவனிக்க வேண்டியது இந்தச் சாம்பாலைத்தான்: பெரும்பாலும் அதில் பெலாச்சான் என்னும் இறால் விழுது கலந்திருக்கும். இறைச்சி இல்லையே என்று நம்பிவிடாமல், 'பெலாச்சான் உண்டா' என்று அந்தச் சொல்லைச் சொல்லியே கேளுங்கள்.

பூங்காவுக்கு விடியற்காலையை ஒதுக்குங்கள். 1859இல் தொடங்கி, 2015இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற தாவரவியல் பூங்கா காலை 5 மணிக்கே திறந்துவிடுகிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. அதனுள் இருக்கும் ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் கட்டணம் உண்டு, அது 8.30க்குத் திறக்கும். அதுவரை பெரிய தெம்புசு மரத்தடிக்குச் செல்லுங்கள். தாழ்ந்த கிளையொன்று தரைக்கு இணையாக நெடுந்தூரம் நீண்டு கிடக்கும். பட்டை ஆழமாக வெடித்திருக்கும். ஐந்து டாலர் நோட்டின் பின்புறத்தில் இருப்பது இதே மரம். நோட்டை உயர்த்திப் பிடித்து, கிளையின் வளைவை அதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆர்க்கிட் செடி வாங்கும் ஆசை வரும். இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாமல் அதை இந்தியாவுக்குள் கொண்டுவர முடியாது.

பிற்சேர்க்கை: ஒரே வங்கி அட்டையைத் தட்டி நால்வரும் ரயிலில் செல்லலாமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். முடியாது, ஆளுக்கொரு அட்டை வேண்டும். புறப்படும் முன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டையும், அட்டையைத் தட்டிச் செலுத்தும் வசதியையும் இயக்கிவைத்துவிடுங்கள்.