கோகோ கொட்டையைச் சாக்லேட்டுக்குப் பதிலாகத் தின்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கத்துத் தென்னந்தோப்புகளில் இப்போது ஆங்காங்கே கோகோ மரம் தென்படுகிறது. நிழல் வேண்டும் பயிர் என்பதால் தென்னைக்கு நல்ல ஊடுபயிர். பலாவைப் போல அடிமரத்திலேயே காய்க்கும். 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் தோப்பைச் சாய்த்துப் போட்ட பிறகு, மிஞ்சிய தென்னைகளுக்கு நடுவே நானும் கோகோ வைத்தேன். காய்க்கத் தொடங்கியதிலிருந்து தோப்புக்கு வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: “சாக்லேட்டுக்குப் பதிலா இந்தக் கொட்டையை அப்படியே தின்னா உடம்புக்கு நல்லதாமே?”

நல்லதுதான். கடையில் விற்கும் பால் சாக்லேட்டில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. கொட்டையில் சேர்த்த சர்க்கரை துளியும் இல்லை. நார்ச்சத்தும் மக்னீசியமும் நிறைய. ஆனால் அந்த ‘அப்படியே’ என்ற சொல்லில்தான் பாதித் தவறு ஒளிந்திருக்கிறது.

பழத்தை உடைத்ததும் உள்ளே முப்பது, நாற்பது விதைகள் வெள்ளைச் சதைக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சதை சீத்தாப்பழம் மாதிரி, இனிப்பும் புளிப்புமாக அருமையாக இருக்கும். அதைச் சப்பித் தின்னுங்கள், குழந்தைகளுக்கும் கொடுங்கள். விதையைக் கடித்தால் மட்டும் முகம் கோணிவிடும். வாழைப்பூவைப் பச்சையாக மென்றது போலத் துவர்ப்பு, அதற்கு மேல் கசப்பு. சாக்லேட் வாசனை மருந்துக்கும் இருக்காது. அது விதையின் குற்றமில்லை. விதை இன்னும் புளிக்கவில்லை. கடைகளில் ‘பச்சைக் கோகோ’ என்று விற்பதுகூடப் பெரும்பாலும் புளிக்க வைத்துக் காயவைத்த கொட்டைதான். வறுக்கவில்லை, அவ்வளவே.

சதையோடு விதைகளை மூங்கில் கூடையிலோ மரப்பெட்டியிலோ குவித்து, வாழை இலையால் மூடி ஐந்து முதல் ஏழு நாள் வைக்க வேண்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை கிளறிவிட வேண்டும். முதலில் கள் வாசனை, அப்புறம் காடி நெடி. குவியலுக்குள் சூடு 45 டிகிரியைத் தாண்டும், கை வைத்தாலே தெரியும். அந்தச் சூடும் புளிப்பும் விதையைச் சாகடித்துத் துவர்ப்பைக் குறைத்து, பின்னால் வறுக்கும்போது எழுகிற மணத்துக்கு அடித்தளம் போடுகின்றன. இங்கேதான் வீட்டில் முயல்கிறவர்கள் சறுக்குகிறார்கள். நாலு பழத்து விதையைக் கிண்ணத்தில் போட்டு மூடினால் சூடே ஏறாது, பூஞ்சைதான் ஏறும். பல கிலோ சேர்ந்தால்தான் குவியல் சூடு பிடிக்கும். இரண்டு மூன்று மரம் மட்டும் வைத்திருப்பவர்கள் விதையைப் பக்கத்துத் தோப்புக்காரர் குவியலோடு சேர்த்துவிடுவது நல்லது.

அடுத்தது காய்ச்சல், அதாவது வெயிலில் உலர்த்துவது. டெல்டாவில் நம்மைக் கவிழ்ப்பது இதுதான். கோகோவின் ஒரு அறுவடை கோடையில் வரும். இன்னொன்று சரியாக ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வந்து நிற்கும். என் முதல் மழைக்கால அறுவடையை மொட்டைமாடியில் பரப்பினேன். மூன்று நாள் வெயில் முகமே தெரியவில்லை, நாலாம் நாள் கொட்டை மேல் சாம்பல் பூத்திருந்தது. கழுவிக் காயவைத்துப் பார்க்கலாம் என்று மனது அடித்துக்கொண்டது. செய்யவில்லை, மொத்தத்தையும் குப்பைக்குழியில் கொட்டினேன். பூஞ்சை விடும் நஞ்சு கழுவினாலும் போகாது, வறுத்தாலும் முழுக்கப் போகாது. ஈரப்பதம் 7 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டும். கைப்பிடி கொட்டையை அழுத்தினால் சடசடவென்று சத்தம் வரும் பதம் அது.

வாங்கித் தின்கிறவர்கள் ஒரு கொட்டையைக் கத்தியால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே பழுப்பாக, விரிசல் விழுந்து இருந்தால் நன்றாகப் புளித்தது. நல்ல ஊதாவாக இருந்தால் அரைகுறை. சிலேட்டுப் பலகை நிறத்தில் கெட்டியாக இருந்தால் புளிக்கவே இல்லை. பூஞ்சை வாடை அடித்தால் பையோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வறுத்தால் சத்து போய்விடும் என்று பயந்து வறுக்காமலே தின்பது இன்னொரு தவறு. சத்து கொஞ்சம் குறையும்தான். ஆனால் வாரக்கணக்கில் கூடையிலும் களத்திலும் கிடந்த பொருள் இது. காக்கை, எலி, கோழி எல்லாம் நடமாடும் இடம். சால்மோனெல்லா போன்ற கிருமிகளைக் குறைப்பது வறுவல்தான். கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் வறுக்காத கொட்டையைத் தொடவே வேண்டாம். இருப்புச்சட்டியில் சிறு தீயில் கால் மணி நேரம் கைவிடாமல் கிளறுங்கள். மேல்தோல் வெடித்துக் கழன்று வரும். ஆறியதும் வேர்க்கடலை மாதிரி உள்ளங்கையில் தேய்த்து முறத்தில் புடைத்துவிட்டால் சுத்தமான பருப்பு நிற்கும். காப்பிக்கொட்டையைப் பச்சையாகத் தின்ன யாரும் நினைப்பதில்லை. கும்பகோணம் டிகிரி காப்பியின் மணமே வறுவலில்தானே இருக்கிறது!

தோலோடு மெல்லாதீர்கள், தூசும் அழுக்கும் அதில்தான்.

அளவு விஷயத்துக்கு வருகிறேன். நல்ல பொருள் என்றதும் வேர்க்கடலை போல அள்ளித் தின்பதைப் பார்க்கிறேன். பருப்பில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. நாளைக்குப் பத்துக் கொட்டை, சுமார் 10 கிராம், தாராளம். இதில் காஃபீனைப் போலவே உடம்பை உசுப்பிவிடும் தியோப்ரோமின் என்ற பொருளும் கொஞ்சம் காஃபீனும் உண்டு; ராத்திரி தின்றால் சிலருக்குத் தூக்கம் போகும், படபடப்பும் வரும். கசப்பை மறைக்கக் கருப்பட்டியையோ நாட்டுச்சர்க்கரையையோ கைநிறையச் சேர்த்தால் சாக்லேட்டை விட்டதற்கே பொருளில்லை. இரண்டு பேரீச்சம்பழத்தோடு, அல்லது தேங்காய்க் கீற்றோடு மென்று பாருங்கள், கசப்பு அடங்கும். ரத்தசோகைக்காரர்கள் சாப்பாட்டோடு சேர்த்துத் தின்ன வேண்டாம். இதன் துவர்ப்புச் சத்து உணவிலுள்ள இரும்பைப் பிடித்துக்கொள்ளும்.

இதய நோய்க்கு மருந்து என்று மாத்திரையை நிறுத்திவிட்டு இதைத் தின்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். 2022இல் வெளியான காஸ்மோஸ் ஆய்வில் 21,000க்கும் மேற்பட்டவர்களுக்குக் கோகோச் சாறு மாத்திரையையோ வெற்று மாத்திரையையோ கொடுத்துப் பார்த்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட பாதிப்புகளின் மொத்த எண்ணிக்கை குறிப்பிடும்படி குறையவில்லை. இதயநோய்ச் சாவு மட்டும் குறைவாக இருந்தது. அதுவும் அளவு வைத்துத் தயாரித்த மாத்திரை, நம் வீட்டுக் கொட்டை இல்லை.

புடைத்த தோலை மாட்டுத் தொட்டியில் கொட்டாதீர்கள். அதிலும் தியோப்ரோமின் இருக்கிறது, கால்நடைக்கு ஆகாது. எருக்குழியில் போடுங்கள். நாய் வளர்ப்பவர்கள் கொட்டையைக் காயவைக்கும்போது நாயைக் கட்டி வையுங்கள். மனிதன் தாங்கும் அளவை நாய் தாங்காது. வாந்தியும் வலிப்பும் வந்துவிட்டால் கால்நடை மருத்துவரிடம் உடனே ஓட வேண்டியிருக்கும்.