தெலுக் இந்தான் போகுமுன் அம்மாவின் பெயரைச் சரிபாருங்கள்

ஆறு நாள் விடுப்பில், மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் தெலுக் இந்தானுக்குப் போனேன். நான்கு நாள் ஓர் அலுவலகத்திலேயே போய்விட்டது.

அம்மா இறந்து இரண்டு வருடம். வீட்டைத் தம்பி பெயருக்கு மாற்ற என் பிறப்புப் பத்திரமும் வேண்டும் என்றார்கள். அதில் அம்மா பெயர் 'அஞ்சலி'. அவருடைய ஐசியில், அதாவது அடையாள அட்டையில், 'அஞ்சலை'. தோட்டத்துக் கிராணி (எஸ்டேட் எழுத்தர்) காதில் விழுந்ததை எழுதிக்கொடுத்தார், ஐம்பது வருடமாக நாங்கள் யாரும் திருத்தவில்லை. இருவரும் ஒருவரே என்று சத்தியப் பிரமாணம் கேட்டார்கள். எழுதிக் கொண்டு போனால், அம்மா பிறந்த தோட்டம் அதில் இல்லையென்று திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. அன்று அரசு அலுவலகங்களில் மதிய இடைவேளை 12.15 முதல் 2.45 வரை. எண் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தோம்.

திங்கட்கிழமை, நான்காம் நாளாக அங்கே போனபோது, முகப்பிடத்தில் இருந்த பெண் என்னைப் பார்த்து, "அம்மா எந்த டிவிஷனில் பிறந்தார்?" என்றார். தோட்டத்தின் எந்தப் பிரிவு என்று எனக்குத் தெரியவில்லை. தம்பி சொன்னான். இருபத்திரண்டு வருடம் மெல்பர்னில் இருந்துவிட்டு வந்த எனக்கு அதற்குமேல் அங்கே பேச வாய் வரவில்லை.

அதனால் சொல்கிறேன்: பிறப்புப் பத்திரம், ஐசி, திருமணப் பத்திரம் எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று புறப்படுமுன் ஊரிலிருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் பிறந்த இடத்தைக் கேட்டு எழுதி வையுங்கள்.

நான் போனது உண்மையில் ஆற்றங்கரைக் கடைத்தெருவைப் பார்க்கத்தான். பேராக் ஆறு வளைந்து போகும் இடத்தில் வளர்ந்த துறைமுக ஊர் இது. ஈயமும் ரப்பரும் கப்பலேறிய கரை. 1893இல் தாப்பா ரோடு ஸ்டேஷனிலிருந்து ரயில் வந்தது, 1989இல் நின்றுவிட்டது. இப்போது தாப்பா ரோட்டில் இறங்கி சாலை வழியாகத்தான் வரவேண்டும். 'தெலுக் ஆன்சன்' என்றிருந்த ஊரின் பெயர் 1982இல் மாறியது, ஆனாலும் பெரியவர்கள் 'ஆன்சன்' என்றே சொல்வார்கள். பழைய பத்திரங்களிலும் அதுதான் இருக்கும், குழம்ப வேண்டாம்.

சாய்ந்த கோபுரத்தைப் படமெடுத்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். 1885இல் லியோங் சூன் சோங் கட்டியது. வெளியே எட்டு அடுக்கு தெரியும், உள்ளே மூன்றுதான். மேலே இருந்த தண்ணீர்த் தொட்டியின் பாரமும் கீழே இளகிய மண்ணும் சேர்ந்து அதைச் சாய்த்துவிட்டன. அங்கிருந்து ஆற்றுப் பக்கம் நடந்து, கடைகளுக்கு முன்னால் கூரையோடு இருக்கும் நடைபாதைகளான அஞ்சடிகளில் நின்று பாருங்கள். சம்பளத்துக்கு மறுநாள் தோட்டத்து லோரி எங்களை இங்கேதான் இறக்கிவிடும். அம்மா முதலில் அடகுக்கடைக்குப் போய்க் காதுத் தோட்டை மீட்பார், அப்புறம்தான் கருவாடும் சீட்டித்துணியும்.

காலையிலேயே போய்விடுங்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாலை ஏழு, பாதிக் கடைகள் சாத்தியிருந்தன. ஒரு தூணைக் காட்டி, "அம்மா லோரிக்குக் காத்திருப்பது இங்கேதானே?" என்றேன்.

"இல்ல அண்ணே, அடுத்த தூண்" என்றான் தம்பி.