தேருநர் இடாப்பில் பெயர் சேர்க்கும் முன் பிரசாவுரிமையைச் சரிபார்ப்பது எப்படி?

இலங்கையின் தேருநர் இடாப்பில் (வாக்காளர் பட்டியலில்) பெயர் சேர்க்க, பெப்ரவரி 1ஆந் திகதியில் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். கொடுக்கும் விலாசத்தில் வழமையாக வசிக்க வேண்டும். இலங்கைப் பிரசையாக இருக்க வேண்டும். அத்திகதிக்குப் பின் 18 ஆகிறவர்களுக்கு 2021ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி குறைநிரப்பு இடாப்பு உண்டு. வயதும் வதிவிடமும் விதானையாருக்கு (கிராம அலுவலருக்கு) தெரிந்த விசயங்கள். இழுபறி வருவது மூன்றாவதான பிரசாவுரிமையில்தான்.

முதலில் அடையாள அட்டையை எடுங்கள். பழைய ஒன்பது இலக்க அட்டையில் கடைசி எழுத்து 'வீ' என்றால் சிக்கல் இல்லை. 'எக்ஸ்' என்றால் அட்டை வழங்கியபோது வாக்குரிமை இருக்கவில்லை என்று பொருள். பிரசாவுரிமைப் பத்திரம் கேட்பார்கள். புதிய 12 இலக்க அட்டையில் எழுத்தே இல்லை; பிறந்த திகதியை மட்டும் அதில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதில் முதல் நான்கு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள். பெண்களுக்கு 500 கூடும். 1998 மார்ச் 3இல் பிறந்த பெண்ணுக்கு 1998563. எண்ணும்போது எந்த ஆண்டானாலும் பெப்ரவரிக்கு 29 நாள் போடுங்கள். 28 என்று போட்டு ஒரு நாள் பிழைக்கிறது என்று பதறுபவர்கள் அதிகம்.

அடுத்து பிறப்புச் சான்றிதழ். பெற்றோரின் பெயரும் பிறந்த இடமும் அதில் இருக்கும். ஏழாவது கூட்டைப் பலர் கவனிப்பதில்லை: பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம் அங்கே எழுதப்படும். முன்பு தந்தை வழியாகத்தான் பிரசாவுரிமை. 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு தாய் வழியாகவும் வரும். சான்றிதழ் தொலைந்திருந்தால் பிறப்பைப் பதிந்த பகுதியின் பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம்.

தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து ஊர் திரும்பியவர்களுக்கு வேலை கொஞ்சம் நீளம். அங்கத்தைய பிறப்புச் சான்றிதழ் மட்டும் இங்கே போதாது. சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பு பதியப்பட்டதா என்று பாருங்கள். இல்லையென்றால் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் பிரசாவுரிமைச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இந்தியப் பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதி, பெற்றோரின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழ்கள், விவாகச் சான்றிதழ் ஆகியவற்றை ஆயத்தமாக வைத்திருங்கள். மாட்டுவது பெரும்பாலும் பெயரில்: அங்கே முதலெழுத்தோடு சுருக்கமாகவும் இங்கே தகப்பன் பெயரோடு முழுமையாகவும் இருக்கும். இந்தியச் சான்றிதழில் பிழையிருந்தால், இன்னும் திரும்பாத உறவினர்கள் அங்கிருக்கும்போதே திருத்துவது நல்லது. இங்கிருந்து செய்விப்பது பெரிய அலைச்சல்.

வெளிநாட்டுப் பிரசாவுரிமை எடுத்தவர் கையில் பழைய அட்டை இருந்தாலும் அது செல்லாது. இரட்டைப் பிரசாவுரிமை பெற்றிருக்க வேண்டும். பெற்று இங்கே வழமையாக வசித்தால் வாக்களிக்கலாம். பாராளுமன்றத் தேர்தலில் போட்டியிட மட்டும் முடியாது.

கடதாசிகள் பொருந்தினால் படிவத்தை நிரப்பி, பிரதிகளோடு கிராம அலுவலரிடம் கொடுங்கள். ஒரு தொகுதிப் பிரதியை வீட்டில் வைத்திருங்கள். பிறகு தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தை இட்டுப் பெயர் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வராவிட்டால், இடாப்பு காட்சிக்கு வைக்கப்படும் காலத்துக்குள் உரிமைக் கோரிக்கை (பெயரைச் சேர்க்கக் கேட்கும் விண்ணப்பம்) கொடுக்க வேண்டும். அதற்குரிய இடம் கச்சேரியிலுள்ள (மாவட்டச் செயலகத்திலுள்ள) மாவட்டத் தேர்தல்கள் அலுவலகம்.