கணினி தானாக மறுதொடக்கம் ஆகிறதா? பவர் சப்ளையைக் கவனியுங்கள்

விளையாட்டோ வீடியோ எடிட்டிங்கோ தொடங்கிய சிறிது நேரத்தில், பிழையை அறிவிக்கும் நீலத்திரைகூடக் காட்டாமல் கணினி சட்டென அணைந்து மீண்டும் இயங்கினால், கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் வழங்கும் பெட்டியான பவர் சப்ளையின் மீது சந்தேகம் கொள்வதில் நியாயம் உண்டு. கணினி நிகழ்வுகளின் பதிவுகளைக் காட்டும் விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல்-பவர் 41’ என்ற பதிவு இருக்கும். ஆனால் கணினி முறையாக அணைக்கப்படவில்லை என்பதைத் தவிர அது வேறெதையும் உறுதிப்படுத்தாது. ஆகவே பிராசஸரின் வெப்பநிலையையும், யுபிஎஸ், பிளக் பாயின்ட் ஆகியவற்றையும் முதலில் சரிபார்த்துவிடுங்கள்.

கணினி கடும் பளுவில் இயங்கும்போது மல்டிமீட்டரில் 12 வோல்ட் இணைப்பு 11.4-க்குக் கீழோ 12.6-க்கு மேலோ காட்டினால் சப்ளை பழுது என்று கொள்ளலாம். அளவு சரியாக இருந்தாலும், நொடிக்கும் குறைவான சரிவை மீட்டர் காட்டாது என்பதால், நல்ல சப்ளை ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதே நம்பகமான சோதனை. பழையதைத் திறக்க வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் கெப்பாசிட்டர்களில் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

புதியது வாங்கும்போது பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட வாட் எண்ணை நம்பாமல், பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள்: ‘500 வாட்’ என்று விற்கப்படும் மலிவான சப்ளையில் அது 25 ஆம்பியர்தான் என்றால், பிராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் 300 வாட் மட்டுமே கிடைக்கும். ‘80 பிளஸ்’ முத்திரை மின்சாரச் சிக்கனத்தைத்தான் குறிக்கிறது, தரத்தை அன்று. பழைய சப்ளையின் மாடுலர் கேபிள்களை, அதாவது தனியே கழற்றக்கூடிய கேபிள்களை, புதிய சப்ளையில் செருகாதீர்கள். இணைப்பு முனைகளிலுள்ள பின்களின் (pin) வரிசை மாறுபட்டால் ஹார்ட் டிஸ்க் எரிந்துபோகும்.