நீலகிரி மலை ரயிலில் ஏறப் போகிறவர்களுக்கு

விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் நீலகிரி மலை ரயிலுக்கென்று ஒரு முழு நாளை ஒதுக்கிவிடுங்கள். கோடைதோறும் சில நாட்கள் சுவிட்சர்லாந்தின் ஃபுர்கா நீராவி ரயிலில் ஊதியமில்லாத் தொண்டராக வேலை செய்கிற ஆசையில் இதைச் சொல்கிறேன். 1982இல் கீழே புதிய சுரங்கம் திறந்ததும் கைவிடப்பட்ட மலைப்பாதை அது. தொண்டர்கள் கூடி மீட்டெடுத்து, 2010இல் ரேயால்ப் முதல் ஓபர்வால்ட் வரை முழுவதும் ஓட வைத்தார்கள்.

அங்கே எங்கள் நாள் சாம்பலில்தான் தொடங்கும். முந்தைய நாள் சாம்பலை வாரிக் கொட்டி, நெருப்பு மூட்டி, கொதிகலன் மெல்லச் சூடேறும்போதே மூட்டு மூட்டாக எண்ணெய் விடுவோம். என்ஜினுக்கு அடியில் குனிந்தால் சக்கரங்களுக்கு நடுவே பற்சக்கரம் தெரியும். தண்டவாளங்களுக்கு இடையில் பதித்த பல்சட்டத்தைக் கவ்வி மலையேற, ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர் கண்ட வழி அது.

நீலகிரியில் கல்லாறு முதல் குன்னூர் வரையும் அதே வழிதான். நீலகிரியின் பழைய எக்ஸ் வகை என்ஜின்களும் ஃபுர்கா என்ஜின்களும் விண்டர்தூர் நகரின் ஒரே தொழிற்சாலையில் பிறந்தவை. பின்னால் வந்த என்ஜின்களைத் திருச்சி பொன்மலைப் பணிமனையே கட்டியது. அதை நினைத்தால் இன்றும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

ரயில் மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குப் புறப்படுகிறது. சென்னையிலிருந்து இரவு நீலகிரி எக்ஸ்பிரஸில் வந்தால் சரியாக இருக்கும். இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். 60 நாட்களுக்கு முன் முன்பதிவு தொடங்கும் அன்றே எடுத்துவிடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் மண் சரிந்து ரயில் ரத்தாவது வழக்கம். கிறிஸ்துமஸ் விடுமுறையில் வருபவர்கள் ஒருநாள் கூடுதலாகக் கையில் வைத்திருங்கள். மேலே குளிரும், ஸ்வெட்டர் அவசியம்.

ஏறும்போது என்ஜின் பின்னால் நின்று தள்ளும். அதனால் முதல் பெட்டியில் இடம் கிடைத்தவர்களுக்குப் பாதை முழுவதும் கண்முன் விரியும். ஆனாலும் கடைசிப் பெட்டியைக் குறைவாக எண்ண வேண்டாம். கல்லாறு தாண்டியதும் காதைக் கூர்மையாக்குங்கள். அதுவரை சக்கரங்களை மட்டும் ஓட்டிய என்ஜின், மேலே உள்ள இரண்டாம் ஜோடி சிலிண்டர்களால் பற்சக்கரத்தையும் சுழற்றத் தொடங்கும். ஓசை தடித்து, நிதானமாகும். ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் ஒரு பிரேக்மேன் நிற்பார். என்ஜினின் ஊதலைக் கேட்டுக் கையாலேயே பிரேக்கை இறுக்குவதும் தளர்த்துவதும் அவர் வேலை. 12 அடிக்கு ஓர் அடி உயரும் பாதையில் அந்தக் கைகளை நம்பித்தான் நாம் உட்கார்ந்திருக்கிறோம்.

ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது இறங்கி என்ஜின் பக்கம் போங்கள்; தண்டவாளத்தில் மட்டும் இறங்காதீர்கள். குன்னூரில் நீராவி என்ஜினைக் கழற்றி டீசல் என்ஜினை மாட்டுவார்கள். அந்த இடைவேளையில் என்ஜின் ஊழியர்களிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். உள்ளங்கை எண்ணெய்க் கறையாக இருக்கிறது என்று தயங்கி அவர்கள் மணிக்கட்டை நீட்டினால், அதைப் பிடித்தே குலுக்குங்கள். ரேயால்பில் நாங்களும் அப்படித்தான் நீட்டுவோம்.